ஊசிமுனைத் துளை

புடாபெஸ்ட் நகரத்தில் ஒரு பூக்காரி. ஒரு குழலை வாயால் ஊதி, பூக்கள் மீது தண்ணீரைப் புகை மாதிரி தெளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாகப் போன பாங்கி, சோங்கா என்ற இரண்டு எஞ்சினீயர்களுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ‘அட, தண்ணீருக்குப் பதில் பெட்ரோல்!’

கார்புரேட்டர் பிறந்ததற்கு ஹங்கேரியில் சொல்லும் கதை இது. நடந்ததோ, பிற்பாடு ஜோடித்ததோ! ஆனால், 1893 பிப்ரவரியில் அவர்கள் காப்புரிமை கேட்டது நிஜம். அதே வருடம் ஆகஸ்டில் ஜெர்மனியின் மேபாக்கும் இதே யோசனையோடு வந்து நின்றார். ஆறு மாசம் லேட்!

அதற்கு முன்னால் எப்படி? 1885-ல் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய மோட்டார் சைக்கிளில், பெட்ரோலின் மேல்பரப்பில் காற்றை ஓடவிட்டு, எழும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பினார்கள். வெயில் அடித்தால் ஒரு மாதிரி, குளிர்ந்தால் இன்னொரு மாதிரி. நம்பி வண்டி ஓட்ட முடியாது.

புது முறைக்கு ஆதாரம் ரொம்பப் பழசு. குழாயைக் குறுக்கினால் உள்ளே ஓடுவது வேகம் பிடிக்கும், அழுத்தம் குறையும் என்று இத்தாலிக்காரர் வெஞ்சூரி 1797-லேயே எழுதிவைத்துவிட்டார். காற்று விரையும் அந்தக் குறுகலில் ஒரு சின்னத் துளை வைத்தால் போதும். பெட்ரோல் தானாக மேலேறித் தூவும். பம்பு வேண்டாம், கரன்ட் வேண்டாம். வித்தை முழுக்க அந்தத் துளையின் அளவில்தான்!

1927-ல் இங்கிலாந்தில் அமாக், பிரௌன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து ‘அமால்’ ஆயின. பிரிட்டிஷ் பைக் என்றால் அமால் கார்புரேட்டர் என்றே ஆகிப்போனது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், என்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்தது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு கடையைக் கட்டிவிட்டது, நம்மூரில் ‘டப்... டப்’ ஓயவில்லை. பின்னால் வந்த புல்லட்டுகளில் ஜப்பானிய மிக்குனி பாணியிலான மிக்கார்ப் இடம்பிடித்தது.

கார்புரேட்டரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால், எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். அதனால்தான் விவரமான மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார்: “எப்பண்ணே அடைக்குது?”

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டி நின்றுபோகிறதா? பைலட் ஜெட்டைப் பார்க்க வேண்டும். பாதி முறுக்கில் திணறினால் நீடில். முழுசாக முறுக்கும்போது மூச்சு வாங்கினால் மெயின் ஜெட். சும்மா நிற்கும்போதே பெட்ரோல் சொட்டினால், மிதவையில் ஓட்டை அல்லது அது மூடவேண்டிய வால்வில் தூசு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்கட் நிறம் என்றால் சுகம்!

சரி, ஜெட் அடைத்துக்கொண்டது. கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிய்த்துக் குத்துவது நம்மூர் வைத்தியம். அடைப்பு போகும், கூடவே துளையும் பெரிசாகும். ஜெட் பித்தளை, இழை எஃகு. அமால் மெயின் ஜெட்டில் பொறித்த எண், நிமிடத்துக்கு அதன் வழியே எத்தனை சிசி பெட்ரோல் போகும் என்ற கணக்கு. ஒரு தடவை குத்தினால் அந்த எண் பொய். அப்புறம் மைலேஜுக்கு யாரைத் திட்டி என்ன பயன்? கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுதான் முறை.

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபோது பெரும்பாலான புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. மிச்சமிருக்கும் பழைய வண்டிகளுக்குப் புதுச் சோதனை, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். 2025-ல் அது 20 சதவிகிதத்தைத் தொட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊதவைக்கும். மாசக்கணக்கில் நின்ற வண்டியின் கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு பூக்கும்.

மருந்து சுலபம். வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும்.

தாத்தா வாங்கிய புல்லட் பேரன் காலத்திலும் ஒரே உதையில் கிளம்ப, இந்த ரெண்டு நிமிஷம் போதும்!