ஒற்றை டுரியானும் ஒரு துண்டு நிலமும்

மலாய் மொழியில் 'துங்கால்' என்றால் ஒற்றை. எங்கள் டுரியான் துங்காலின் பெயரிலேயே ஒரு தனிமரம் நிற்கிறது. மலாக்காவும் பரமேஸ்வரா இளைப்பாறிய நெல்லிமரத்தின் பெயர் என்பது மரபுக்கதை. பெயர்கள் நிலைத்துவிட்டன. மரங்களும் கட்டடங்களும் நிலைக்க வேறொன்று வேண்டும்: நிலம்.

மலாக்கா நகரில் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. மலாக்கா செட்டிகளின் தலைவருக்கு டச்சு அரசு கொடுத்த நிலம் அது. கோயில் இன்றும் இருக்கிறது. 2008இல் அந்த வட்டாரமே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தோட்டக் கோயில்களின் கதை வேறு. பால்மரம் வெட்டப் போன நம்ம ஆளுங்க ஒரு மரத்தடியில் கல்லை நட்டுக் கும்பிட்டாங்க. பிறகு தகரக்கூரை, பிறகு கோபுரம். நிலம் மட்டும் கடைசிவரை கம்பெனியுடையது. தோட்டம் கைமாறினால் கோயிலும் மரமும் 'இடைஞ்சல்' ஆகிவிடும்.

பட்டா இல்லாவிட்டாலும் கொஞ்சம் வழி இருக்கிறது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்ற அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம் போன்ற சில விலக்குகள் உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, தேசியப் பாரம்பரியமாக ஒன்றை அறிவிக்கும்படி யாரும் முன்மொழியலாம்.

அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துட்டுப் போங்க. மரத்தின் சுற்றளவு, படம், பெரியவங்க சொல்ற விவரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். தோட்டம் விற்கும் முன்பே அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.