கோலேந்திய கலைஞர்: ஆர்தூரோ தொஸ்கனினி

மேனாட்டு வாத்தியக் குழுவிலே பல்வகைக் கருவிகளை இசைப்போர் நூற்றுவர் வரை அமர்ந்திருப்பர். அவர்முன் சிறு கோலேந்தி நிற்கும் நெறியாளரோ எக்கருவியையும் தீண்டுவதில்லை. ஆயினும் இசையின் வேகமும் ஒலியளவும் அவர் கையசைவுக்கே கட்டுப்படுகின்றன. இவ்வதிகாரம் ஒருவர்க்கு எங்ஙனம் உரித்தாகின்றது என்னும் வினாவிற்கு இத்தாலிய நெறியாளர் ஆர்தூரோ தொஸ்கனினியின் வரலாறு தக்க விடை பகரும்.

பார்மா நகரில் தையற்காரர் ஒருவரின் மகனாக 1867 மார்ச் 25இல் பிறந்த இவர், ஒன்பதாம் வயதில் அந்நகர் இசைக் கல்லூரியிற் சேர்ந்து, செல்லோ வாத்தியம் பயின்று 1885இல் தேறினார். கிட்டப்பார்வை உடையவராதலின் சுரக்குறிப்பு முழுவதையும் மனத்திற் பதிக்கும் பழக்கம் இவர்க்கு வாய்த்தது.

1886இல் இசைநாடகக் குழுவொன்றிற் செல்லோ வாசிப்பவராகத் தென்னமெரிக்கா சென்றார். ஜூன் 30ஆந் திகதி ரியோ டி ஜெனீரோவில் வேர்டியின் ‘அயீடா’ நடைபெறவிருந்தது. நெறியாளர் பிணங்கி விலகினார். பதிலாக வந்தவரைச் சபையோர் கூச்சலிட்டு விரட்டினர். குழுவினர் வேண்ட, 19 வயதினரான தொஸ்கனினி மேடையேறிச் சுரக்குறிப்பை மூடிவைத்து, நாடகம் முழுவதையும் நினைவிலிருந்தே நடத்தினார். எனினும் 1887 பெப்ரவரியில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வேர்டியின் ‘ஒதெல்லோ’ அரங்கேறியபோது, செல்லோ வரிசையில் ஒருவராக மீண்டும் அமர்ந்தார். முதுபெரும் இசையாசிரியரை அருகிருந்து கற்கும் வாய்ப்பு அவர்க்குப் பெரிதாயிருந்தது.

1896இல் தூரின் நகரில் புச்சினியின் ‘லா பொஹேம்’ இசைநாடகத்தை அரங்கேற்றிய அவர், 1898இல் லா ஸ்காலாவின் தலைமை நெறியாளரானார். 1908 முதல் 1915 வரை நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கிற் பணியாற்றினார். இயற்றியவர் எழுதியவாறே இசைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பாடகர் மனம்போனவாறு சுரத்தை நீட்டுவதையும், சபையோர் கேட்டவிடத்துப் பாடலை மீண்டும் பாடுவதையும் அவர் பொறுத்தாரல்லர். ஒத்திகையில் அவர் கொள்ளும் கடுஞ்சினத்தால் வருந்தியோர் பலர், அது மறைக்கத்தக்கதன்று.

1919இல் முசோலினியின் வேட்பாளர் பட்டியலில் நின்றவர், பின்னர் அவ்வியக்கத்தைக் கடுமையாக வெறுத்தார். 1931 மே 14இல் பொலோஞா நகர்க் கச்சேரியின் தொடக்கத்திற் பாசிசக் கட்சியின் கீதத்தை இசைக்க மறுத்தமையால், அரங்க வாயிலிற் கட்சியினரால் தாக்கப்பட்டார். 1933இல் யூத இசைஞர்க்கு ஜேர்மனி இழைத்த கொடுமையைக் கண்டித்துப் பைரோயித் விழாவைத் துறந்தார். 1936 டிசெம்பரில் தெல் அவீவ் சென்று, ஐரோப்பாவிலிருந்து வந்த யூத இசைஞரைக் கொண்டமைந்த புதிய வாத்தியக் குழுவின் முதற் கச்சேரியை ஊதியமின்றி நடத்தினார்.

குண்டுவீச்சிற் சிதைந்து மீளக் கட்டப்பெற்ற லா ஸ்காலாவை 1946 மே 11இல் திறந்துவைத்த கச்சேரியையும் அவரே நடத்தினார். 1954 ஏப்ரலில், 87ஆம் வயதில், கோலைக் கீழே வைத்தார்; 1957 ஜனவரி 16இல் நியூயோர்க்கிற் காலமானார்.

இசையில் இயற்றியவரின் எழுத்துக்குச் சிறிதும் மாறாது பணிந்தவர், அரசியலில் ஆள்வோரின் ஆணைக்குப் பணிய மறுத்தார். பணியத்தக்கது எது, தகாதது எது எனத் தெளிந்திருந்தமையே அவர் கோலுக்கு வலிமை தந்தது எனலாம்.