ஒரு சிவப்புக்கும் ஒரு மஞ்சளுக்கும் நடுவுல

ஐப்பசி அடைமழை. நாலு நாளா வயல்ல கால் வைக்க முடியல. சும்மா உட்கார்ந்திருந்தப்போ வீட்டுக்காரம்மா தன் அப்பா வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, பட்டுத் துண்டுகளைத் திண்ணை பூரா பரப்பிட்டாங்க. மக தலைப்பிரசவத்துக்கு தை மாசம் வர்றா. பொறக்கப்போற பிள்ளைக்கு ஒரு போர்வை தைக்கணுமாம்.

என் மாமனார் விவசாயக் குடும்பம்தான். நிலம் போதாம ஆரணிப் பக்கம் தறியில உட்கார்ந்தவர். ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம்னு இந்த வட்டாரத்துல தறிச் சத்தம் கேக்காத தெருவே ஒரு காலத்துல குறைவு. வெளியூர்க்காரங்களுக்கு ஆரணின்னா அரிசி. ஆனா ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. மாமனார் காலமாகி ஆறு வருசம் ஆச்சு. தறியைப் பிரிச்சு மரத்தை வித்தாச்சு. மிஞ்சினது இந்தப் பெட்டி ஒண்ணுதான்.

எங்க அம்மா காலத்துல போர்வைன்னா பழைய நூல் புடவையை நாலா மடிச்சு, ஓட்டுத் தையல் போடுறது. நிறம் யாரும் பாக்கல. குளிர் தாங்குச்சான்னுதான் பார்த்தாங்க. இவங்க அப்படி இல்ல. அரக்குல ஆரம்பிச்சு, சிவப்பு, செங்காவி, மாம்பழ மஞ்சள்னு ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள கரையற மாதிரி வரணுமாம். மூணு தடவை அடுக்கிக் கலைச்சாங்க.

இந்த நிறமெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சா, அதுவும் மண்ணுல இருந்துதான். சிவப்புக்குச் சாயவேர். சோழமண்டலக் கடற்கரை மணல்ல தோண்டி எடுத்த வேர். மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு, கடுக்காய். நீலத்துக்கு அவுரி. தென்னாற்காட்டுல ஒரு காலத்துல அவுரி பெரிய சாகுபடி. நெல்லு வயலுக்குப் பசுந்தாள் உரமாவும் அதை மடக்கி உழுவாங்க.

அவுரியில ஒரு விசேசம். தொட்டி ஒண்ணுதான், சாயம் ஒண்ணுதான். ஒரு முக்கு முக்கி எடுத்துக் காத்துல காட்டினா இளநீலம். திரும்பத் திரும்ப முக்கினா நீலம் ஏறிக்கிட்டே போகும். கடைசியில கிட்டத்தட்ட கறுப்பு. 'சாயம் ஏறுது'ன்னு சொல்ற பேச்சுல படிப்படியா ஏறுற கணக்கு இருக்கு.

1856ல லண்டன்ல பெர்கின்னு ஒரு பதினெட்டு வயசுப் பையன் தார்க் கழிவுல இருந்து ஊதாச் சாயம் எடுத்தான். 1868ல ஜெர்மனியில அலிசரினைச் செயற்கையா செஞ்சாங்க. நம்ம சாயவேர்ல இருக்கிற சிவப்பும் அதே பொருள்தான். 1897ல செயற்கை நீலம் சந்தைக்கு வந்துச்சு. வேர் தோண்டினவங்களும் அவுரி போட்டவங்களும் பிழைப்பு மாத்திக்கிட்டாங்க. நெசவாளிக்கு நூத்துக்கணக்குல நிறம் கிடைச்சுது. எங்க வாய்க்காலுக்குச் சில வருசம் கலர் தண்ணியும் கிடைச்சுது. அதையும் சொல்லாம விட முடியாது.

நிறம் சேர்க்கிறது கண் வேலை. பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிப் பசை எடுத்தாதான் சாயம் பிடிக்கும். அதுல எடையில கால்வாசி போயிடும். ஈர நூல் கறுத்துத் தெரியும். ஒரு இழையைக் காயவெச்சு மாதிரியோட ஒட்டிப் பார்த்தாதான் உண்மை நிறம். மாமனார் சொல்வார்: "இன்னைக்குப் போட்ட சிவப்பு நாளைக்கு வராதுப்பா. ஒரு புடவைக்கு வேண்டியதை ஒரே தடவையில போட்டுடணும்."

நான் ஒண்ணு சொன்னேன். எங்களுக்கு வேளாண்மைக்காரங்க இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு குடுத்தாங்க. வெளிர் பச்சையில இருந்து கரும்பச்சை வரைக்கும் ஆறு பட்டை. நெல் இலையை அதுல வெச்சுப் பார்த்து, வெள்ளைப் பொன்னின்னா 3க்குக் கீழ, மத்த ரகம்னா 4க்குக் கீழ இறங்கினா யூரியா போடணும். வெயில் நேரா விழக் கூடாது, உடம்பு நிழல்ல பாக்கணும். "நீயும் நிழல்ல வெச்சுப் பாரு"ன்னேன்.

"அதெல்லாம் எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. பொழுது சாயட்டும்"னாங்க.

பொழுது சாய்ஞ்சுது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தா நிறம் மறைஞ்சு, எது கனம் எது லேசுன்னு மட்டும் தெரியுது. மங்கல் வெளிச்சத்துல முதல்ல கறுக்கிறது சிவப்புதான். நீலம் கடைசி வரைக்கும் நிக்குது. அப்பத்தான் குறை பிடிபட்டுச்சு. சிவப்புக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவுல ஒரு படி இல்ல. தாண்டிக் குதிக்குது.

பெட்டி அடியில காகிதம் சுத்தின ஒரு துண்டு இருந்துச்சு. அவர் கடைசியா நெய்த புடவையோட மிச்சம். பாவு சிவப்பு, ஊடை மஞ்சள். மயில் கழுத்து நிறம் எப்படி ரெண்டு நூல்ல மின்னுதோ, அதே வித்தை. நேரா வெச்சா சிவப்புத் தூக்கல், குறுக்கா திருப்பி வெச்சா மஞ்சள் தூக்கல். ஒரே துணியை ரெண்டா வெட்டி, ஒண்ணை நேராவும் ஒண்ணைத் திருப்பியும் வெச்சா ரெண்டு படி கிடைக்குது.

ஆனா வெட்டணுமே. கத்திரியை எடுத்தவங்க அரை மணி நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க. நான் வாயைத் திறக்கல. அப்புறம், "பெட்டியில இருந்தா பூச்சிதான் தின்னும்"னு சொல்லி வெட்டிட்டாங்க.

தைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பார்த்தோம். ரெண்டு துண்டு சாயம் விட்டுச்சு, ஒதுக்கியாச்சு. ஜரிகை உறுத்தும்னு அதையும் கழிச்சாச்சு. பிள்ளை மேல படுற பக்கத்துக்கு எங்க அம்மாவோட நூல் புடவை.

மழை விட்டுடுச்சு. நாளைக்குக் களை எடுக்கணும். போர்வையில பாதி முடிஞ்சிருக்கு. உங்க வீட்டுப் பெட்டியிலயும் பாட்டியோட பட்டுத் துண்டு ஏதாவது கிடக்கலாம். எடுத்து ஒரு தடவை குறுக்கா திருப்பிப் பாருங்க.