கம்பெனி வாசலா, வாட்ஸ்அப் குரூப்பா? விழுப்புரம், திண்டிவனத்தில் ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு எது கைகொடுக்கும்? முழு விவரம்

‘உடனடியாக ஆட்கள் தேவை, சாப்பாடு, ரூம் இலவசம், நேரடி ஜாயினிங்.’ விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி மெசேஜ் புதிதல்ல. அதைப் போடும் மேன்பவர் ஏஜென்சிக்கு அந்த வேகன்சி உண்மையிலேயே கம்பெனியிடம் இருந்து வந்ததா, இல்லை நாலு குரூப் தாண்டி ஃபார்வர்டு ஆகி வந்ததா? வேலை தேடுபவரின் பணமும் நேரமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஏஜென்சி நிலைக்குமா என்பதும் இதே கேள்வியில்தான் இருக்கிறது.

ஏஜென்சிகள் கம்பெனிகளை நேரடியாக அணுகுவது, சோஷியல் மீடியாவை நம்பி ஓட்டுவது, இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்கலாம்.

திண்டிவனம் ஏன் முக்கியம்?

சென்னையில் இருந்து சுமார் 120 கி.மீ. தூரத்தில் இருக்கும் திண்டிவனத்தில்தான் புதுச்சேரி, செஞ்சி - திருவண்ணாமலை, வந்தவாசி, மரக்காணம் சாலைகள் பிரிகின்றன. மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு சிப்காட் என்று தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகளுக்கு இந்தப் பக்கத்து இளைஞர்கள் வேலைக்குப் போகிறார்கள். தொழிற்பேட்டைகளுக்கு ஆள் தேடும் ஏஜென்சிகளுக்கு விழுப்புரம் மாவட்டம் முக்கியமான இடமாக இருப்பது இதனால்தான்.

இப்போது உள்ளூரிலேயும் வேலை வருகிறது. திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் ஆலை அமைக்க 2024 ஆகஸ்டில் டாபர் நிறுவனம் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டது. தென்னிந்தியாவில் அந்த நிறுவனத்தின் முதல் ஆலை இது. இப்படி ஒரு ஆலை வரும்போது பேக்கிங், லோடிங், குவாலிட்டி, செக்யூரிட்டி, கேன்டீன் என்று பல வேலைகளுக்கு ஆள் தேவைப்படும். அந்த ஆர்டரை வெளியூர் ஏஜென்சி பிடிக்குமா, உள்ளூர் ஏஜென்சி பிடிக்குமா என்பதுதான் போட்டி.

ஏஜென்சிக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஆள் எடுக்கும் தொழிலில் க்ளையண்ட் என்றால் கம்பெனி. வேலை தேடுபவர் கேண்டிடேட். நேர்மையான ஏஜென்சிக்கு வருமானம் கம்பெனியிடம் இருந்து வர வேண்டும். பொதுவாக இரண்டு வழிகள் இருக்கின்றன.

* ஆளைச் சேர்த்துவிட்டு ஒருமுறை கட்டணம் வாங்குவது. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இத்தொழிலில் பரவலாக இருக்கும் கணக்கு. ஆண்டுக்கு 2.40 லட்சம் சம்பளம் என்றால் ஏஜென்சிக்கு சுமார் 20,000 ரூபாய். சேர்ந்தவர் சீக்கிரம் நின்றுவிட்டால் வேறு ஆள் தர வேண்டும் என்றும் கம்பெனிகள் நிபந்தனை போடும்.

* கான்ட்ராக்ட் முறை. ஆட்கள் ஏஜென்சியின் பெயரில் இருப்பார்கள், வேலை கம்பெனியில். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் ஏஜென்சி கட்டி, அதன் மேல் ஒரு சர்வீஸ் சார்ஜ் சேர்த்து பில் போடும்.

கம்பெனிகளோடு நேரடி உறவு இல்லாத ஏஜென்சிக்கு இந்த இரண்டு வருமானமும் வராது. அப்போது ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’, ‘யூனிஃபார்ம் டெபாசிட்’ என்று கேண்டிடேட்டிடம் கை நீட்டும் நிலை வருகிறது. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ம் ஆண்டு 181-வது உடன்படிக்கை சொல்லும் விதி. இந்தியா இதில் இன்னும் சேரவில்லை.

நேரடி அணுகுமுறை எப்படி நடக்கிறது?

சிப்காட்டில் எந்தக் கம்பெனி புதிதாக வருகிறது, யார் ஷிஃப்ட் கூட்டுகிறார்கள் என்று பார்த்து, அங்குள்ள ஹெச்.ஆரை போனிலோ, மெயிலிலோ, நேரிலோ அணுகுவதுதான் இது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஹெச்.ஆர். கேட்கும் கேள்விகளுக்குக் கையில் பதில் இருக்க வேண்டும்:

* ஜிஎஸ்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா?
* ஒரு வாரத்தில் எத்தனை பேரைக் கொண்டுவர முடியும்? அதில் எத்தனை பேர் மூன்று மாதம் தாண்டி நிற்பார்கள்?
* எந்த ஊர் ஆட்கள்? பஸ் ரூட்டில் வருவார்களா, ஹாஸ்டல் வேண்டுமா?

உள்ளூர் ஏஜென்சி ஜெயிக்கக்கூடிய இடம் கடைசிக் கேள்விதான். மயிலம், வானூர், விக்கிரவாண்டி, செஞ்சி கிராமங்களில் யார் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறார்கள், யாரால் நைட் ஷிஃப்ட் வர முடியும் என்பது சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெரிய கன்சல்டன்சிக்கு அவ்வளவு எளிதில் தெரியாது.

இதில் ஒரு பெரிய சிக்கல் முதலீடு. உதாரணத்துக்கு, 50 பேர், தலைக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்று கான்ட்ராக்ட் கிடைக்கிறது. மாதச் சம்பளம் மட்டும் 7.5 லட்சம். மாதம் முடிந்து பில் போட்டு, கம்பெனி 45 நாள் கழித்துப் பணம் தருகிறது என்றால், முதல் பில் கைக்கு வருவதற்குள் இரண்டு மாதச் சம்பளத்தை, அதாவது 15 லட்சத்தை, ஏஜென்சி தன் கையில் இருந்து போட்டிருக்க வேண்டும். பில்லுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியையும் பணம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த தேதிக்குள் கட்டியாக வேண்டும். க்ளையண்ட் கிடைத்த பிறகும் சில ஏஜென்சிகள் தடுமாறுவது இங்கேதான். அதனால் ஆரம்பத்திலேயே பேச வேண்டிய விஷயம் ரேட் மட்டும் இல்லை, எத்தனை நாளில் பேமென்ட் என்பதும்தான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான ஆள் எண்ணிக்கை வரம்பு 20-ல் இருந்து 50 ஆகியிருக்கிறது.

சோஷியல் மீடியாவால் என்ன லாபம்?

ஆள் பிடிக்க இதைவிட வேகமான வழி இல்லை. காலையில் போட்ட போஸ்ட்டுக்கு மதியத்துக்குள் போன் வரும். செலவும் குறைவு. ஆனால் சில வரம்புகள் இருக்கின்றன.

வாட்ஸ்அப் குரூப்பில் அதிகபட்சம் 1,024 பேர். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான், அதுவும் ஏஜென்சியின் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே மெசேஜ் போகும். ஃபார்வர்டு ஆன மெசேஜில் தேதி இருக்காது. வேகன்சி முடிந்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நம்பி பஸ் ஏறி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், ஏஜென்சிக்குப் பெயர் நஷ்டம்.

இன்னொன்று: ரீல்ஸுக்கு வரும் லைக்கும் போன் காலும் பெரும்பாலும் கேண்டிடேட்டுகளிடம் இருந்துதான். ஃபேக்டரி ஹெச்.ஆர். ரீல்ஸ் பார்த்து ஆர்டர் கொடுப்பது அரிது. லிங்க்டுஇன் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அங்கே ஹெச்.ஆர்.கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் போஸ்ட் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, சரியான ஆளுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பிப் பேசுவதுதான் பலன் தரும். கடைசியில் அதுவும் நேரடி அணுகுமுறைதான்.

ஒரு விளம்பரத்தால் வந்த சிக்கல்

ஏஜென்சி போடும் விளம்பரம் க்ளையண்ட்டையும் பாதிக்கும் என்பதற்கு ஃபாக்ஸ்கான் விவகாரம் உதாரணம். ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஐபோன் ஆலையில் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. வெளி ஏஜென்சிகள் போட்ட வேலை விளம்பரங்களும் அந்தச் செய்தியில் ஆதாரமாக இடம்பெற்றன. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. வயது, பாலினம், திருமண நிலை போன்ற நிபந்தனைகளையும், நிறுவனத்தின் பெயரையும் விளம்பரங்களில் போட வேண்டாம் என்று ஏஜென்சிகளுக்கு ஃபாக்ஸ்கான் சொன்னதாக அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் தெரிவித்தது.

இதில் இருந்து ஏஜென்சிகளுக்குப் பாடம்: க்ளையண்ட்டின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவர்கள் பெயரையும் லோகோவையும் போஸ்ட்டரில் போடக் கூடாது. அது பிடித்து வைத்த கான்ட்ராக்ட்டையே காலி செய்துவிடும்.

வெளிநாட்டு வேலை என்றால் விதி வேறு

இங்கே சோஷியல் மீடியாவின் ஆபத்து பல மடங்கு. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சோஷியல் மீடியா விளம்பரம் மூலம் இளைஞர்களை இழுத்து, மியான்மருக்குக் கடத்துவதாக 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை திரும்பினார்கள். வெளிநாடு வாழ் தமிழர் நலத்துறையை அப்போது கவனித்தவர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அமைச்சர் செஞ்சி மஸ்தான்.

1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400 ரூபாய். சோஷியல் மீடியா விளம்பரம் உட்பட எல்லாவற்றிலும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். துணை ஏஜென்ட் வைத்து ஆள் பிடிக்க அனுமதி இல்லை. எனவே, ‘நம்ம ஊர் தம்பி’ ஒருவர் இன்ஸ்டாவில் துபாய் வேலை என்று போட்டால், முதலில் கேட்க வேண்டியது லைசென்ஸ் எண். அதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். 1978-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறது.

அப்போ எது பெஸ்ட்?

ஆர்டர் பிடிக்க நேரடி அணுகுமுறை, ஆள் பிடிக்க சோஷியல் மீடியா என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஏற்றது. வரிசை முக்கியம். முதலில் கம்பெனியிடம் இருந்து எத்தனை பேர், என்ன சம்பளம், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் போஸ்ட். அதில் கடைசித் தேதி, கைக்கு வரும் சம்பளம், வேலை இடம், கான்ட்ராக்ட்டா கம்பெனி ரோலா என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஆள் நிரம்பியதும் ‘முடிந்தது’ என்று இன்னொரு போஸ்ட் போட வேண்டும். முதலில் ஆயிரம் பேரைக் குரூப்பில் சேர்த்துவிட்டு பிறகு கம்பெனி தேடினால், காத்திருக்கும் ஆயிரம் பேருக்கும் சொல்ல ஏஜென்சியிடம் பதில் இருக்காது.

வேலை தேடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

* இன்டர்வியூவுக்கு முன்பே பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.
* கம்பெனி பெயர் சொன்னால், அந்தக் கம்பெனியின் அலுவலக நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள்.
* ஆதார், பேங்க் பாஸ்புக் நகலை குரூப்பில் போட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.
* சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சாப்பாடு, ரூம், பஸ் போக எவ்வளவு கைக்கு வரும் என்று கேளுங்கள்.
* விழுப்புரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போகலாம். கம்பெனிகளே நேரில் வரும், கட்டணம் இல்லை. சிறிய ஏஜென்சிகள் ஹெச்.ஆர்.களைச் சந்திக்கவும் இது நல்ல இடம்.
* 2020-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைக்கவும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. வெளிநாட்டு வேலை பற்றிய சந்தேகங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090.