பதின்மூன்றும் முப்பத்தொன்றும்

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பாதையோரம் கிடந்த கல் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தேன். ஓரிடம் துருச்சிவப்பு, ஓரிடம் சந்தன மஞ்சள், நடுவே திட்டுத் திட்டாக வெளுப்பு. விரலில் செம்பொடி அப்பிக்கொண்டது. பாக்சைட்.

ஏற்காட்டைத் தாங்கி நிற்பது சார்னோக்கைட் என்ற கருங்கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையை மூடிய கல்லை வைத்து நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து சூட்டிய பெயர் அது. கல்கத்தாவுக்கு அந்தக் கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்துதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருங்கல்லைப் பல லட்சம் ஆண்டுகள் மழை நனைத்தது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலில் கரைந்து ஓடின. சிலிக்காவும் மெல்ல மெல்லப் போனது. தண்ணீருக்கு மசியாத அலுமினியமும் இரும்பும் மலையுச்சியிலேயே தங்கின.

பாக்சைட் ஒரு கலவை. அலுமினிய ஹைட்ராக்சைடு, இரும்பு ஆக்சைடு, களிமண், கொஞ்சம் டைட்டானியம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் குணத்தை மற்றொன்று மாற்றுவதில்லை. பிரித்தெடுக்க அதுதான் வழிவிட்டது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மலையிலிருந்து வந்த கல்லை அரைத்து, காஸ்டிக் சோடாவில் சூடாக்கினார்கள். அலுமினியம் கரைந்தது; இரும்பு கரையாமல் செஞ்சேறாக அடியில் நின்றது. கரைசல் ஆறியதும் வெள்ளைப் பொடி படிந்தது. அதைச் சுட்டு, 950 டிகிரிக்கு மேல் உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் அலுமினியம்.

இங்கேதான் மெண்டலீவ் வருகிறார். 1869-ல் தனிமங்களை வரிசைப்படுத்தியவர், அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு எடை 68, அடர்த்தி 5.9 என்று 1871-ல் எழுதியும் வைத்தார். 1875-ல் பிரான்ஸின் லெகோக் டி புவாபோத்ரான் நிறமாலையில் இரண்டு ஊதாக் கோடுகளாக அதைக் கண்டுபிடித்து காலியம் என்றார். அடர்த்தி 4.7 என்று அவர் அளந்தபோது, பொருளை இன்னும் சுத்தம் செய்து பாருங்கள் என்றார் மெண்டலீவ். செய்தார், 5.9 வந்தது. கண்ணால் பார்க்காத உலோகத்தைப் பற்றி, கையில் வைத்திருந்தவரையே திருத்திய இந்த இடத்தில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அலுமினியத்தின் அணு எண் 13, காலியத்தின் எண் 31. ஒரே குடும்பம் என்பதால் வேதிக் குணமும் பெரிதும் ஒத்துப்போகும். பொதுவாக ஒரு டன் பாக்சைட்டில் 50 கிராம் அளவுதான் காலியம் இருக்கும். ஆனால் அலுமினியம் கரையும் சோடாவில் அதுவும் கரைகிறது. அதே சோடாவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகிறது. மேட்டூரில் அப்படிச் சேர்ந்த காலியத்தையும் பிரித்தெடுத்தார்கள். குறைக்கடத்திக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் வேண்டிய உலோகம் அது.

காலியம் உருகுவது 29.8 டிகிரியில். சித்திரை வெயிலில் சேலத்து மேசைமேல் வைத்தால் தானே இளகி ஓடும். அதையே விடியற்காலை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் கட்டியாகவே இருக்கும். உள்ளங்கையில் பொத்திக்கொண்டால்தான் உருகும்.

மேட்டூர் உருக்காலை 2008-ல் நின்றது. ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்றால், வானம் தெளிந்த நாளில் தூரத்தில் மேட்டூர் அணை நீர் மினுங்குவது தெரியும். மலைக்கல்லை ஏற்றிய லாரிகள் இறங்கிப் போனது அங்கேதான்.

(தொடரும்)