திரும்பி வராத பல்லவி

கச்சேரிக்குத் தாமதமாகப் போகிறவர்கள் முதலில் இழப்பது வர்ணத்தைத்தான். அதற்காக அவர்கள் வருத்தப்படுவதும் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரி முறையில் வர்ணத்துக்கு முதல் இடம். ஆனால் நம்மில் பலர் அதைத் தொண்டையைப் பதப்படுத்திக்கொள்ளும் சடங்கு என்றே எண்ணிவிட்டோம். இரண்டே பாகங்களில் ஒரு ராகத்தின் உருவத்தைக் காட்டிவிடுகிற உருப்படி அது.

முதல் பாகம் பூர்வாங்கம்: பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம். இவை முடிந்ததும் பாடகர் பல்லவிக்குத் திரும்புவார். அடுத்தது உத்தராங்கம்: சின்னஞ்சிறு வரியாக ஒரு சரணம், அதற்கான ஸ்வரங்கள். ஒவ்வொரு ஸ்வரக் கோவைக்குப் பிறகும் சரண வரி திரும்ப வரும். பெரும்பாலும் அந்தச் சரணத்தோடேயே வர்ணம் முடிந்துவிடுகிறது.

வானூரில் எங்கள் தெருவில் பாட்டுப் பழகும் சிறுமி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "மாமா, முதலில் பாடின பல்லவிக்கு மறுபடி போகவே இல்லையே, ஏன்?"

நியாயமான கேள்வி. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் அதற்கு விடை இருக்கிறது. பழைய வர்ணங்கள் சிலவற்றில் சரணத்துக்குப் பின் 'அனுபந்தம்' என்று ஓர் அங்கம் உண்டு. அதைப் பாடி, முக்தாயி ஸ்வரத்தைத் தொட்டு, பல்லவியில் கொண்டுவந்து நிறுத்துவது அந்நாளைய வழக்கம். சியாமா சாஸ்திரியின் குருவான பச்சிமிரியம் ஆதியப்பையர் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த பைரவி ராக, அட தாள வர்ணமான 'விரிபோணி'க்கும் அனுபந்தம் உண்டு. வர்ணம் இன்றும் சிரஞ்சீவியாக வாழ்கிறது. அனுபந்தம் வழக்கொழிந்து போயிற்று.

அதே பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இரண்டு பாக உருப்படிகள் செழித்திருந்தன. டொமினிகோ ஸ்கார்லாட்டி (1685–1757) இயற்றிய 550-க்கும் மேற்பட்ட ஸொனாட்டாக்களில் பெரும்பாலானவை அந்த அமைப்புத்தான். முதல் பாகம் ஆதார ஸ்வரத்தை விட்டுப் புறப்பட்டு, அநேகமாகப் பஞ்சமத்தை ஆதாரமாக்கிக்கொண்டு நிற்கும்; இரண்டாம் பாகம் பழைய ஆதாரத்துக்கே திரும்பி வந்து சேரும். நம் சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம் அசைவதில்லை. தம்புரா ஆரம்பித்த இடத்திலேயே கடைசிவரை நிற்கிறது. ஆகையால் நமக்குத் திரும்பி வருவது என்றால் ஒரு வரிக்குத் திரும்பி வருவதுதான். அந்த வரி பல்லவி.

வானூரிலிருந்து காலையில் புதுச்சேரிக்குப் போனவன் பொழுது சாய்ந்ததும் வானூருக்கே வந்து சேர்ந்தால்தான் பயணம் முடிந்ததாக வீட்டார் நினைப்பார்கள். இன்றைய வர்ணம் போன ஊரிலேயே சத்திரம் பார்த்துத் தங்கிவிடுகிறது. சத்திரமும் சௌகரியமாகத்தான் இருக்கிறது. சரண ஸ்வரங்களின் அழகை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரு பாகங்களையும் ஒன்றாகப் பிணைத்த கயிறு அறுந்துவிட்டது. அது அறுந்ததைக்கூட நாம் கவனிக்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு இவ்வளவும் சொன்னேன். "அப்படியானால் நான் பல்லவியோடு முடிக்கலாமா?" என்றாள். பாட்டு வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு தாராளமாக முடிக்கலாம் என்றேன். நாலைந்து ஆவர்த்தனம் கூடுதலாகப் பாடுவதால் எந்தக் கச்சேரியும் கெட்டுவிடாது. வித்வான்களுக்கும் இதையே விண்ணப்பமாக வைக்கிறேன்.