வானத்துப் பெட்ரோல் பங்க்

காரைக்கால் விசைப்படகுக்காரர்களுக்கு டீசல் எதுவரையோ அதுவரைதான் கடல். போர் விமானத்துக்கும் அதே கணக்குதான்.

2020 ஜனவரி 20 அன்று நம்ம தஞ்சாவூரில் சுகோய்-30 விமானங்களோடு 222-வது படைப்பிரிவு தொடங்கியபோது, எல்லோரும் பிரம்மோஸ் ஏவுகணையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது ஆக்ரா. அங்கேதான் 2003-ல் 78-வது படைப்பிரிவு உருவானது. இலியூஷின்-78 டேங்கர்கள், மொத்தமே ஆறு. இரண்டு இறக்கையிலும் வால்பக்கத்திலும் ஒவ்வொரு குழாய், நுனியில் கூடை. பின்னால் வரும் விமானம் தன் குழலை அதில் செருகி எரிபொருள் வாங்கிக்கொள்ளும். 2004-ல் ஜாகுவார்கள் அலாஸ்கா போனதும், 2008-ல் சுகோய்கள் அமெரிக்காவின் நெல்லிஸ் தளத்துக்குப் போனதும் இவற்றை நம்பித்தான்.

ஆனால் 2010-16 காலத்தில் இவற்றில் சராசரியாகப் பாதிகூடப் பறக்கும் நிலையில் இல்லை என்று தணிக்கை அறிக்கை சொன்னது. ஏர்பஸ் டேங்கர் வாங்கும் முயற்சி 2010-லும் 2016-லும் கைவிடப்பட்டது. 2020 ஜூலையில் ரஃபேல்கள் இந்தியா வந்தபோது வழியில் எரிபொருள் கொடுத்தது பிரெஞ்சு டேங்கர். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர்க்காரனான எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

தஞ்சாவூர் சுகோய் இந்தியப் பெருங்கடலில் எவ்வளவு தூரம் போய்த் திரும்பும் என்பது, அன்றைக்கு ஆக்ராவில் எத்தனை டேங்கர் கிளம்பும் என்பதில் இருக்கிறது.